பங்குத் தோட்டத்தில் அறுவடை நாள்



வெலிமடை, ஊவா பரணகம, பொரலந்த பக்கத்தில் இருந்து மரக்கறி ஏற்றிய லொறிகள் கெப்பட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். கரட், போஞ்சி, கோவா, லீக்ஸ், உருளைக்கிழங்கு என்று மூட்டை மூட்டையாகப் போகிறது. அங்கிருந்து கொழும்புக்கும் மற்ற ஊர்களுக்கும் போகிறது. அதே மாவட்டத்தில், அதே மலையில், நமது லயத்து அடுப்பில் என்ன வேகிறது? காலையில் ரொட்டியும் சம்பலும். மலைக்குக் கட்டிக்கொண்டு போவதும் அதே ரொட்டி. இரவுக்குச் சோறும் பருப்பும். சம்பளம் கிடைத்த வாரத்தில் ஒரு மரக்கறி சேரும். மாதக் கடைசியில் அதுவும் இல்லை.

2016ஆம் ஆண்டு நாடு முழுவதும் நடந்த சனத்தொகை, சுகாதார ஆய்வில் ஒரு கணக்கு வந்தது. 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாதவர்கள் நாட்டில் 100க்கு 17 பேர். தோட்டப்புறத்தில் மட்டும் எடுத்தால் 100க்கு ஏறக்குறைய 32 பேர். "நம்ம பரம்பரையே கட்டதாங்க" என்று சொல்லி இதைத் தள்ளிவிட முடியாது. தாயின் உடல்நிலை, அடிக்கடி வரும் வயிற்றோட்டம், தட்டில் விழும் சாப்பாடு எல்லாம் இதில் சேருகின்றன. மரக்கறி மட்டும் இதைத் தீர்த்துவிடாது. முட்டையும் பாலும் சுத்தமான தண்ணீரும் வேண்டும். ஆனால் இந்த நான்கில் நமது கையால், லயத்துக்குப் பின்னால் உள்ள மண்ணில், நாமே உண்டாக்கக் கூடியது மரக்கறிதான். ஆகவே இந்த மாதப் பாடத்துக்கு அதை எடுத்துக்கொள்கிறோம்.

லயத்துக்குப் பின்னால் துண்டு நிலத்தில் மரக்கறி போடுவது நமக்குப் புதிதல்ல. தாத்தா காலத்தில் இருந்தே போடுகிறோம். பலர் ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துக் கிராமத்துத் தோட்டங்களுக்கும் கைக்காசுக்குப் போகிறார்கள். வேலை தெரியாமல் இல்லை. சிக்கல் அறுவடையில்தான் வருகிறது. விலை ஏறி இருந்தால் இருப்பதை எல்லாம் பிடுங்கி லொறிக்காரருக்குக் கொடுத்துவிடுகிறோம். விலை விழுந்தால் பிடுங்குகிற கூலிகூடத் தேறாது என்று மண்ணிலேயே விட்டுவிடுகிறோம். இரண்டு வகையிலும் வீட்டுச் சட்டிக்கு வருவது வெடித்த கரட்டும் புழு தின்ற கோவாவும்தான். விதைக்கும் பசளைக்கும் வாங்கிய கடன் மட்டும் விலையைப் பார்த்து ஏறி இறங்குவதில்லை.

இந்தச் சிக்கலுக்கு வேறு நாடுகளில் ஒரு வழி கண்டார்கள். ஜப்பானில் 1971இல் இயற்கை விவசாயச் சங்கம் ஒன்று உருவாயிற்று. அதை ஒட்டி, நகரத்துத் தாய்மார் பலர் கூடி, "எங்கள் பிள்ளைகளுக்கு நஞ்சில்லாத சாப்பாடு வேண்டும், விளைகிறதை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்று விவசாயிகளோடு நேரடியாகப் பேசி முடிவு செய்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'தெய்கெய்'. 1978இல் அதற்குப் பத்து விதிகள் எழுதினார்கள். விளைந்து வந்ததை எல்லாம் வாங்குகிறவர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அதே 1978இல் சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவிலும் இப்படி ஒரு தோட்டம் தொடங்கியது. அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் இந்தியன் லைன் என்ற பண்ணையில், 1985ஆம் ஆண்டுக் கடைசியில் முதலில் ஆப்பிள் பழத்துக்கு மட்டும் 30 பங்கு சேர்த்துப் பார்த்தார்கள். அது சரிவந்த பிறகு, 1986இல் மரக்கறிக்குப் பங்கு சேர்த்தார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் பார்த்தால், புதுச்சேரிக்கு அருகே ஓரோவில்லில் 1996இல் தொடங்கிய சொலிட்டியூட் பண்ணையும் வாரக் கூடை முறையில் குடும்பங்களுக்கு மரக்கறியும் கீரையும் கொடுத்து வந்திருக்கிறது.

முறை இதுதான். போகம் தொடங்கும் முன்பே, சாப்பிடப்போகிற குடும்பங்கள் தங்கள் பங்குப் பணத்தைக் கொடுத்துவிடுகின்றன. அந்தப் பணத்தில் விதை, பசளை, ஆள்கூலி எல்லாம் நடக்கும். விளையத் தொடங்கிய பிறகு வாரம் ஒரு நாள் அறுவடை. அன்று வந்ததை எத்தனை பங்கோ அத்தனை கூறாகப் பிரித்துக் கொடுப்பார்கள். நிறைய விளைந்தால் கூடை நிறையும். குறைய விளைந்தால் எல்லோருக்கும் குறையும். விலை என்ற பேச்சு நடுவில் இல்லை.

நமக்கு இதை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்புத் தேவையில்லை. லயத்துக்கு லயம் சீட்டுப் பிடிக்கிறோம். மரண உதவிச் சங்கத்துக்கு மாதா மாதம் காசு கட்டுகிறோம். சீட்டில் காசு திரும்பி வருகிறது. இதில் கரட்டாகவும் போஞ்சியாகவும் வருகிறது. இனி இந்தப் பாடத்தில் இதைப் 'பங்குத் தோட்டம்' என்றே அழைப்போம்.

இப்போது அறுவடை நாளுக்கு வருவோம். பங்குத் தோட்டம் நிலைப்பதும் கலைந்து போவதும் அந்த ஒரு நாளில்தான்.

அறுவடை நாள் உண்மையில் நடுகிற நாளிலேயே தொடங்கிவிடுகிறது. லொறிக்கு விற்கிறவர் ஒரே நாளில் விதைத்து ஒரே நாளில் பிடுங்குவார். பங்குக்கு அது ஒத்துவராது. ஒரே வாரத்தில் 80 கோவா முற்றினால் யார் சாப்பிடுவது? ஆகவே பாத்தியைப் பிரித்து, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக விதைக்க வேண்டும். கீரை ஏறத்தாழ 25, 30 நாளில் வெட்டுக்கு வரும். ராபு 40, 45 நாள். குத்துப் போஞ்சி 50 நாளுக்கு மேல் காய்க்கும். பீட்ரூட், கோவா இரண்டரை, மூன்று மாதம். கரட் மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் கூட. லீக்ஸ் ஐந்து மாதம்கூடப் பிடிக்கும். குளிரும் இனமும் பார்த்து இந்தக் கணக்கு முன்பின் ஆகும். பண்டாரவளையில் விளைகிற வேகத்தில் அதை விட உயர்ந்த, குளிர்ந்த மலையில் விளையாது. இதை ஒரு கொப்பியில் எழுதி, எந்தப் பாத்தி எந்த வாரம் வெட்டுக்கு வரும் என்று குறித்து வையுங்கள். மலையில் கொழுந்துக்கு 'சுற்று' வைப்பது போலத்தான் இதுவும்.

மருந்து அடித்திருந்தால் அந்தத் திகதியையும் அதே கொப்பியில் எழுத வேண்டும். மருந்துப் போத்தலின் லேபலில் மூன்று மொழியிலும் விளக்கம் இருக்கும். மருந்து அடித்து எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்பதும் அதில் இருக்கும். அந்த நாள் முடியும் முன் ஒரு இலையைக்கூடப் பறிக்கக் கூடாது. "கழுவினா போயிரும்" என்று சொல்வார்கள். போகாது. செடிக்குள் இழுத்துக்கொள்ளும் மருந்துகள் உண்டு. எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் அவை வெளியே வராது. சந்தைக்குப் போகும் மரக்கறியை யார் சாப்பிடுகிறார்கள் என்று நாம் பார்ப்பதில்லை. பங்குத் தோட்டத்தில் சாப்பிடப்போவது அடுத்த காம்பராப் பிள்ளை. மருந்தே அடிக்காமல் பார்த்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது.

முதல் நாள் மாலை ஒருவர் பாத்திகளைச் சுற்றிப் பார்த்து, நாளைக்கு என்னென்ன, ஏறக்குறைய எவ்வளவு என்று குறித்துக்கொள்ள வேண்டும். கூடைகள், கத்தி, சாக்கு, தராசு எல்லாம் அன்றே கழுவி வைத்துவிட வேண்டும். கத்தியில் பழைய அழுகல் ஒட்டியிருந்தால், இன்றைக்கு வெட்டும் இடத்தில் அது தொற்றும்.

விடிந்ததும் முதலில் இலை வகை. கீரை, சலாது, வெங்காயத் தாள் எல்லாம் வெயில் ஏறும் முன் வெட்டிவிட வேண்டும். பறித்த பிறகும் இலை மூச்சு விடுகிறது, சூடு உண்டாகிறது. இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழுந்தைச் சாக்கில் அமுக்கிக் கட்டி வெயிலில் வைத்தால் என்ன ஆகும்? உள்ளே கை விட்டால் கொதிக்கும்; கொழுந்து சிவந்துபோகும். சலாதுக்கும் அதே கதிதான். வெட்டின உடனே நிழலுக்குக் கொண்டு போய், நல்ல தண்ணீரில் முக்கி எடுத்து, ஈரச் சாக்கால் மூடி வைத்தால் மாலை வரை விறைப்பாக இருக்கும்.

ஆனால் போஞ்சிக்கு விடியற்காலம் ஆகாது. பனி ஈரம் இலையில் இருக்கும்போது போஞ்சிப் பாத்திக்குள் நடந்தால், துரு நோயும் மற்ற நோய்களும் நமது கையிலும் சேலையிலும் ஒட்டி, செடிக்குச் செடி போய்விடும். ஈரம் காய்ந்த பிறகுதான் இறங்க வேண்டும். காய்க்குள் விதை புடைக்கும் முன் பறிக்க வேண்டும். மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை பறித்தால் செடி தொடர்ந்து பூக்கும். முற்றவிட்டால் "என் வேல முடிஞ்சிருச்சு" என்று செடி ஓய்ந்துவிடும். சுற்றுப் பிந்தினால் கொழுந்து முத்தலாகிவிடும் என்பதைத் தெரிந்தவர்களுக்கு இது புதுப் பாடம் அல்ல. இழுத்துப் பறிக்காமல், ஒரு கையால் கொடியைப் பிடித்து மறு கையால் காய் எடுக்க வேண்டும். இந்த வேலையில் நமது பெண்களின் விரல்களுக்கு ஈடு எந்த விவசாயப் பாடசாலையிலும் இல்லை என்பது எமது எண்ணம்.

கரட்டுக்கு முள்ளு வேண்டும். தலையைப் பிடித்து இழுத்தால் பாதி மண்ணுக்குள் நின்றுவிடும். வரிசைக்குப் பக்கத்தில் முள்ளைக் குத்தி மண்ணைத் தளர்த்திய பிறகு தூக்கினால் முழுதாக வரும். எடுத்த உடனே தழையைத் திருகி எறிந்துவிடுங்கள். தழையோடு வைத்தால் பார்க்க அழகுதான், ஆனால் அந்தத் தழை கிழங்கில் உள்ள தண்ணீரை உறிஞ்சி ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு நாளில் கரட் றப்பர் போல வளையும். பீட்ரூட்டுக்கு வேறு முறை: தழையை ஒட்ட வெட்டாமல் இரண்டு விரல் அளவு தண்டு விட வேண்டும், இல்லாவிட்டால் அவிக்கும்போது நிறமெல்லாம் தண்ணீரோடு போய்விடும். கோவாவுக்கு வெளி இலை இரண்டை விட்டு வெட்டுங்கள். அதுதான் அதற்குச் சட்டை. தக்காளி நிறம் மாறத் தொடங்கியதும் எடுக்கலாம். உருளைக்கிழங்கு வெயில் பட்டுப் பச்சையாகி இருந்தால் பங்கில் போடவே கூடாது. அந்தப் பச்சைக் கிழங்கில் நஞ்சு உண்டு.

கழுவுகிற தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஓடுகிறது என்பதற்காகக் கானில் கழுவக் கூடாது. மேலே உள்ள லயங்களின் கழிவு எல்லாம் அந்தக் கானில்தான் வருகிறது. பச்சையாகச் சாப்பிடும் சலாதையும் கரட்டையும் அதில் கழுவினால், வயிற்றோட்டத்தைப் பங்கு போட்டுக் கொடுத்ததாகிவிடும். பீலித் தண்ணீர் அல்லது குழாய்த் தண்ணீர் மட்டும். கை கழுவிவிட்டுத்தான் கூடையைத் தொட வேண்டும். தண்ணீர் குறைவாக இருந்தால் கரட்டைக் கழுவாமல் மண்ணோடு கொடுப்பதே மேல். வீட்டில் கழுவிக்கொள்ளலாம். மண்ணோடு இருந்தால் கூடுதல் நாள் தாங்கவும் செய்யும்.

சாக்கில் திணிப்பதையும் விட வேண்டும். 2011 டிசம்பரில் மரக்கறியைப் பிளாஸ்டிக் பெட்டிகளில்தான் கொண்டு போக வேண்டும் என்று அரசாங்கம் கட்டாயப்படுத்தியபோது, விவசாயிகளும் வியாபாரிகளும் எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். பெட்டி வாங்கக் காசு யார் தருவது, லொறியில் இடம் பிடிக்கிறதே என்ற அவர்களுடைய கேள்விகளில் நியாயம் இருந்தது. ஆனால் சாக்கில் அமுக்கினால் தக்காளியும் சலாதும் நசுங்குகிறது என்பதும் நிசம். நமக்கு லொறி இல்லை, தூரமும் இல்லை. தோட்டத்தில் இருந்து லயத்துக்குத்தான். பழைய கொழுந்துக் கூடையை நன்றாகக் கழுவிக் காயவைத்து அடியில் வாழையிலை விரித்தால் போதும்.

சரி, எல்லாம் நிழலுக்கு வந்துவிட்டது. இனி பங்கு.

தராசு என்றால் நம் சனங்களுக்கு ஒரு கசப்பு உண்டு. கொழுந்து மடுவத்தில் சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கிலோக் கணக்கில் கழிவு வெட்டின கதையைப் பாட்டி காலத்தில் இருந்து கேட்டு வருகிறோம். மரக்கறிச் சந்தையிலும் மூட்டைக்குக் கழிவு பிடிக்கிற இடங்கள் இருக்கின்றன. ஆகவே பங்குத் தோட்டத்தில் தராசு எல்லோருக்கும் நடுவில் இருக்க வேண்டும். நிறுக்கிறவர் ஒருவர், முள்ளைப் பார்த்துச் சத்தமாக வாசிக்கிறவர் ஒருவர், எழுதுகிறவர் ஒருவர். மூன்றும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. ஒரே குடும்பமாகவும் இருக்கக் கூடாது. வயது வந்த பிள்ளைகளில் ஒருவரை எழுத வைத்தால், கணக்கும் பழகும்.

மொத்தமாக எத்தனை கிலோ என்று முதலில் நிறுத்து எழுதி, பிறகு பங்கு எண்ணிக்கையால் பிரிக்க வேண்டும். கரட் 18 கிலோ, பங்கு 12 என்றால், பங்குக்கு ஒன்றரைக் கிலோ. அதை ஒரு பலகையில் எழுதி வைத்துவிட்டால் வாய்ச்சண்டைக்கு இடமில்லை. நல்ல கரட்டும் கோணல் கரட்டும் எல்லாப் பங்கிலும் கலந்து விழ வேண்டும். முதலில் வந்தவர் பொறுக்கி எடுத்தால், மலையில் இருந்து பிந்தி வருகிறவருக்குக் கழிவுதான் மிஞ்சும். அது சந்தையை விட மோசம்.

வெளிநாட்டுப் பங்குத் தோட்டங்களில் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. பங்கு கொடுக்கும் இடத்தில் ஒரு வெறும் பெட்டி வைத்திருப்பார்கள். தனக்கு வேண்டாததை அதில் போட்டுவிட்டு, வேறொருவர் போட்டதை எடுத்துக்கொள்ளலாம். பீட்ரூட் பிடிக்காதவர் பீட்ரூட்டைப் போட்டு லீக்ஸை எடுப்பார். சின்ன விசயம்தான், ஆனால் பாதி முறைப்பாடு அதிலேயே தீர்ந்துவிடும்.

எல்லா வாரமும் கூடை நிறையாது. ஊவா மலைக்கு ஆடி, ஆவணியில் காய்ந்த காற்று அடிக்கும். தேயிலைக்கு அதுதான் மணம் கொடுக்கிறது. மரக்கறிப் பாத்தியை அது சுருட்டிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாற்றும் மண்ணும் சேர்ந்து கீழே போய்விடும். அப்படியான வாரத்தில் பங்கு வாங்க வருகிறவர் கேட்பார்:

"என்னங்க அக்கா, இந்த வாரம் ஒரு கட்டுக் கீரையும் நாலு ராபும்தானா? குடுத்த காசுக்குக் கடையில இதவிடக் கூட வாங்கியிருப்பேனே."

"மழ வந்து அள்ளிருச்சே தாயி, கண்ணால பாத்தீங்கதானே. போன மாசம் தூக்க முடியாமத் தூக்கிட்டுப் போனீங்களே, அதையும் கணக்குல சேருங்க."

இந்தப் பேச்சில்தான் பங்குத் தோட்டத்தின் உயிர் இருக்கிறது. லொறிக்கு விற்கிறவருக்கு மழை வந்தால் நட்டம் முழுக்க அவர் தலையில்தான். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டதை மறந்திருக்க மாட்டோம். அந்த ஆண்டு நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குள் ஊவாவில் மரக்கறி போட்ட பலர் கடனில் விழுந்துவிட்டார்கள். முடிவு எடுத்தவர் ஒருவர், நட்டம் சுமந்தவர் வேறொருவர். பங்குத் தோட்டத்தில் நட்டத்தைப் பத்துப் பன்னிரண்டு வீடுகள் சேர்ந்து தூக்குகின்றன. ஒரு வீட்டுக்கு ஒரு வாரக் கறி குறையும். ஆனால் யாருடைய நகையும் அடகுக்குப் போகாது. இதைப் பணம் வாங்கும் நாளிலேயே தெளிவாகச் சொல்லி, சம்மதம் கேட்டு, கொப்பியில் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். நட்டம் வந்த பிறகு விளக்கம் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

"முன்கூட்டியே காசு கட்ட எங்ககிட்ட எங்க இருக்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்கு இரண்டு வழி உண்டு. அமெரிக்காவில் நியூ ஹம்ஷயரில் உள்ள டெம்பிள்-வில்ட்டன் தோட்டத்தில், 1986இல் தொடங்கியபோதே, பங்குக்கு ஒரே விலை வைக்கவில்லை. ஆண்டுக்கு இவ்வளவு செலவு என்று விவசாயிகள் கூட்டத்தில் கணக்கை வைப்பார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன்னால் இவ்வளவு முடியும் என்று சொல்லும். செலவுக் கணக்கு நிரம்பும் வரை கேட்பார்கள். இருப்பவர் கூடக் கொடுப்பார், இல்லாதவர் குறையக் கொடுப்பார், மரக்கறி மட்டும் தேவைக்கேற்ப எல்லோருக்கும் போகும். இன்னொரு வழி, காசுக்குப் பதில் வேலை. அறுவடை நாளில் இத்தனை மணித்தியாலம் என்று பேசி, அதையே பங்காக எடுத்துக்கொள்வது.

வேலை என்று வந்ததும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. காலையில் சமைத்து, பிள்ளையை மடுவத்தில் விட்டு, மாலை வரை கூடை சுமந்து, திரும்பி வந்து மறுபடி அடுப்புக்குப் போகிற பெண்ணின் தலையில் இந்த வேலையையும் வைத்துவிடாதீர்கள். கவ்வாத்து வெட்டோ கான் வெட்டோ முடித்துப் பகல் ஒரு மணி, இரண்டு மணிக்கே லயத்துக்கு வரும் ஆண்கள் இருக்கிறார்கள். பாத்தி கொத்துவது, தண்ணீர் சுமப்பது, கூட்டெரு புரட்டுவது அவர்களுடைய பங்காக இருக்கட்டும். கரம் போர்டு எங்கேயும் ஓடிவிடாது.

2022இல் நாடு சாப்பாட்டுக்குத் திண்டாடியபோது, வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்கள். அது அரசாங்க ஊழியருக்கான ஏற்பாடு. பெரட்டுக்குப் போகிறவருக்கு அப்படி ஒரு வெள்ளி கிடைக்கவில்லை. ஆகவே நமது அறுவடை நாள் ஞாயிறாகத்தான் இருக்க முடியும். அதுவும் பாதி நாளில் முடிகிற அளவுக்குச் சின்னத் தோட்டமாகத் தொடங்குவது நல்லது.

எவ்வளவு சின்னது? ஒரு பேர்ச் நிலம் என்பது ஏறத்தாழ 272 சதுர அடி. பத்துக் குடும்பம் சேர்ந்து ஆளுக்கு இரண்டு பேர்ச் பார்த்துக்கொண்டால் 20 பேர்ச் ஆகிறது. அது ஒரே துண்டாக இருக்க வேண்டும் என்பதில்லை. லயத்துக்குப் பின்னால் உள்ள துண்டுகளைச் சேர்த்து, ஒரே திட்டத்தில் விதைத்தால் போதும். ஒரு வீட்டில் கரட், அடுத்த வீட்டில் போஞ்சி, அதற்கடுத்து கீரை. உதாரணத்துக்கு, குடும்பத்துக்கு மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று மாதப் பணம் முன்கூட்டிச் சேர்ந்தால் 15,000 ரூபாய். விதைக்கும் ஒரு நல்ல முள்ளுக்கும் கை கொடுக்கும். பசளைக்குப் பக்கத்து மாட்டுப்பட்டிச் சாணி இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குப் பழமும் மரக்கறியுமாக 400 கிராம் வேண்டும் என்கிறது. இந்தத் தோட்டம் அவ்வளவையும் கொடுத்துவிடாது. வாரத்தில் நாலு நாளாவது சட்டியில் பச்சையாக ஒன்று விழும்.

நிலத்தைப் பற்றிக் கவனமாக இருங்கள். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டாலும், நிலம் பெரும்பாலும் அரசாங்கத்துடையது. கம்பெனிகள் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. ஆகவே புதுத் துண்டு எடுப்பதாக இருந்தால் முதலில் நிர்வாகத்திடம் கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தனித்தனியாகப் போய் நிற்பதை விட, தோட்டத்துக் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் பத்துப் பேரும் சேர்ந்து கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும். செங்குத்தான இடத்தில் பாத்தி போடவே வேண்டாம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்த மீரியபெத்தையில் நடந்ததை ஊவாவில் யாரும் மறக்கவில்லை. லயத்துக்கு மேலே உள்ள சரிவைக் கொத்தி விடுவது ஆபத்து. சாதாரணச் சரிவிலும் குறுக்காகப் பாத்தி போட்டு, கல் அணை கட்டி, தண்ணீர் போகக் கான் வெட்டிய பிறகே விதையுங்கள். நோய், விதை இனம் பற்றிய சந்தேகங்களுக்கு உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரைக் கூப்பிடலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கும் பேசலாம்.

பங்கு பிரிக்கும்போது இன்னொரு பங்கு கூடச் சேர்த்துப் பிரியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். பத்துக் குடும்பம் என்றால் பதினொரு கூறு. அந்தப் பதினோராவது, பிள்ளை மடுவத்துக்கு. திங்கட்கிழமை பகல் அங்கே வேகிற கஞ்சியிலோ சோற்றிலோ ஒரு பிடி கீரையும் இரண்டு கரட்டும் விழட்டும். பத்து வீட்டில் குறைவது ஆளுக்கு ஒரு கரட்டுக் கூட இருக்காது. தாயும் தகப்பனும் மலையில் இருக்கும் நேரத்தில் பிள்ளை சாப்பிடும் ஒரே வேளை அதுதான்.

பகல் பன்னிரண்டு மணிக்குள் கூடைகள் எல்லாம் வீட்டுக்குப் போய்விடும். அதற்குப் பிறகும் வேலை இருக்கிறது. வெட்டிய கோவாவின் வெளி இலை, கரட்டுத் தழை, அழுகல் எல்லாம் கூட்டெருக் குழிக்குப் போக வேண்டும். நோய் பிடித்த செடியை மட்டும் தனியாக எடுத்துப் புதைத்துவிட வேண்டும். காலியான பாத்தியை அன்றே கொத்தி, எரு போட்டு, கொப்பியைத் திறந்து பார்த்து, அடுத்த விதையைப் போட்டுவிடுங்கள். கரட் எடுத்த இடத்தில் மறுபடி கரட் வேண்டாம். போஞ்சி போடுங்கள்.